பளபளக்கிற இடம்

காலையில் பல் விளக்குகிறான், பால் காய்ச்சுகிறான், ஒரு டம்ளரில் மட்டும் ஊற்றிக் குடிக்கிறான். மாமியார் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு அவளுக்குக் கண் ஆபரேஷன். தவறினால் இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். எட்டேகால் ஆகிறது. வாசலில் நிற்கும் பழைய கார் ‘டக்’ என்பதோடு சரி. விளக்கு மங்காமல் எரிகிறது, அதனால் கோளாறு பேட்டரியில் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டாரில்தான். ஒருவர் சாவியைத் திருப்பும்போதே இன்னொருவர் அதைச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன்பு வரை, இறந்துபோன மனைவிதான் தட்டுவாள். எங்கே தட்டுவாள் என்று அவன் பார்த்ததே இல்லை. சாவி இப்போது மாமியார் கையில். “திருப்பட்டுமா மாப்பிள்ளை?” “திருப்புங்க அத்தை.” டக். வியர்வையில் சுத்தியல் வழுக்குகிறது. “தடவிக் கொடுக்க அதென்ன கன்னுக்குட்டியா? போடுங்க ஒண்ணு!” குனிகிறான். எண்ணெய்ப் பிசுக்கு அப்பிய மோட்டாரில் காசளவு இடம் ஒன்று மட்டும் அடிபட்டு அடிபட்டுப் பளபளக்கிறது. அங்கேயே தட்டுகிறான். கார் உறுமி ஸ்டார்ட் ஆகிறது. “அணைச்சிடட்டுமா? உள்ள இருக்கிற என் பையை எடுத்துட்டு வாங்க.” “அணைக்காதீங்க அத்தை” என்றபடி ஓடுகிறான். ஐந்து மாதத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மனைவி கடைசியாகச் சொன்னது அதுதான்: “நானே நடந்து போயிடுவேன். நீங்க வண்டியை அணைச்சிடாதீங்க, அப்புறம் யாரு வந்து தட்டுறது?”