மாரியில் அளந்த கரை

கிராமச் சபை மேசையில், பட்டினசபையும் சுற்றுவட்டாரக் கிராமச் சபைகளும் ஒன்றுகூடித் தயாரித்த இருபது வருடத் திட்டத்தின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. கடற்காற்றில் சுருளாதபடி மூலைக்கொரு தேத்தண்ணிக் கோப்பை. உறுப்பினர் உதுமாலெவ்வை கதிரையிலிருந்து எட்டி, தன்னூர்க் கடற்கரையைத் தேடிப் பிடிக்கிறார். மஞ்சளை அப்பி, ‘வெறுங்காணி, பட்டினத்துக் குப்பைக்கு’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். “ஐயா, மாரியில வந்து அளந்திருக்காங்க. அப்ப நாங்க மீன்வாடிக் குடிசையெல்லாம் கழட்டிப்போட்டு வயலுக்குப் போயிருவம். இப்ப பாருங்க, கரை முழுக்க வலையும் சனமும்.” பட்டினசபைத் தலைவர் பாக்கியரத்தினம் சிரிக்கிறார். “இருபது வருசத் திட்டம் இது. ஒரு சீசனுக்காக மாத்தேலாது.” மற்றக் கிராமத் தலைவர்கள் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே கொட்டாத குப்பை யாருடைய ஊருக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். திட்டத்துக்குச் சம்மதமாக ஒவ்வொரு கையாக உயர்கிறது. அந்த நேரம் பார்த்து, கரைவலை இழுப்பவர்களின் பாட்டு வெயிலோடு உள்ளே வந்து அறையை நிறைக்கிறது. தான் பேசுவது தனக்கே கேட்காமல் பாக்கியரத்தினம் முகத்தைச் சுளிக்கிறார்.

“உந்த யன்னலை ஒருக்காச் சாத்துங்கோ.”

யன்னலோரக் கதிரையில் இருப்பவர் உதுமாலெவ்வைதான்.