லைட் மங்குதா மாமா?

“பளிச்சுன்னு எரியுது மாப்ளே. கொஞ்சம்கூட மங்கல.”

காருக்கு முன்னால் வெயிலில் நின்றபடி மாமனார் இதைச் சொன்னதும், ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் மங்கினால் பேட்டரி சரியில்லை. மங்காமல் எரிந்தால் பேட்டரி நல்லது, கோளாறு ஸ்டார்ட்டர் பக்கம். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை இது.

அடிக்கிற வெயிலில் உள்ளே இருப்பவனுக்கு லைட் எரிகிறதா இல்லையா என்று தெரியாது. டாஷ்போர்டு பல்பும் ஹார்னும் எந்தக் காலத்திலோ உயிரை விட்டிருந்தன. அதனால்தான் மாமனாரை முன்னால் நிறுத்தியது.

அந்தக் காருக்கு மாமனாரின் தம்பி வயசு இருக்கும். இன்று பழைய கார்களின் ஊர்வலம். கடைத்தெரு நெடுக, இரண்டு பக்கமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி பிடித்து நிற்பார்கள். பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து மாமனார் ஓட்டிப்போவதாக ஏற்பாடு. தொப்பி முதற்கொண்டு மாட்டிக்கொண்டு குழந்தை காலையிலிருந்து ஒற்றைக் காலில் நிற்கிறது.

கார்தான் மசியவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம்கூட இல்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. “அப்ப நான் எதுக்கு இருக்கேன்?” என்று மார்தட்டியது மாப்பிள்ளைதான். ஃப்யூஸ் போடக்கூடத் தெரியாத ஆள் என்று அந்த வீட்டில் அவனுக்குப் பெயர். கல்யாணமான புதிதில் ஒட்டிக்கொண்ட அந்தப் பெயரை இன்றைக்குத் துடைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் காருக்கு அடியில் படுத்தான். ஸ்டார்ட்டரின் ஒரு போல்ட் சமர்த்தாக வந்தது. இன்னொன்று வரும்போது விரல் மூட்டின் தோலையும் கூட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த கரித்தூளைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்பப் பூட்டி முடிப்பதற்குள் சட்டையின் நிறம் போன இடம் தெரியவில்லை.

அதுவரை மாமனார் காரை ஒரு கையால் தடவியபடியே சுற்றி வந்துகொண்டிருந்தார். பானெட், கதவு, டிக்கி என்று எங்கேயும் கையை எடுக்கவில்லை. பெற்ற பெண்ணைக்கூட மனுஷன் இப்படித் தடவிக்கொடுத்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டான் மாப்பிள்ளை.

“இப்பப் பாருங்க மாமா. லைட் மங்குதா?”

“இல்ல மாப்ளே. அப்படியேதான் இருக்கு.”

சாவி திரும்பியது. கார் திரும்பிப் பார்க்கவில்லை.

“தாத்தா, நாம போவோமா, மாட்டோமா?” என்றது பேத்தி.

“போவோம்டா கண்ணு. அப்பா பாத்துட்டிருக்காருல்ல.”

அதைக் கேட்டதும் மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. மாமனார் அவனை நம்பி ஒரு வார்த்தை சொன்னதே இன்றைக்குத்தான். ஸ்விட்சைப் பார்த்தான், வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். அடுத்து எதைப் பார்ப்பதென்று தெரியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

எதிர்வீட்டுப் பல் டாக்டரும் ஊர்வலத்துக்குத்தான் தன் பழைய காரில் கிளம்பியிருந்தார். இவன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு வண்டியை உள்ளே திருப்பினார்.

“பேட்டரியப் பாத்தீங்களா?”

“அது நல்லாத்தான் இருக்கு டாக்டர். ஸ்டார்ட்டர்லதான் என்னமோ.”

“எதுக்கும் என் வண்டியிலேர்ந்து கொஞ்சம் கரண்ட் குடுத்துப் பாப்போம்.”

சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்களை எடுத்து, தன் பேட்டரிக்கும் இதன் பேட்டரிக்கும் மாட்டினார். கொஞ்ச நேரம் விட்டு மாப்பிள்ளை சாவியைத் திருப்பினான். கார் தும்மி, இருமி, ஒரு குலுக்குக் குலுக்கி ஓடத் தொடங்கியது.

“அணைச்சிராதீங்க. அப்படியே கிளம்புங்க,” என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை இறங்கிக்கொள்ள, மாமனார் கதவைப் பிடித்து உள்ளே ஏறினார். பேத்தி தாவிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. மனைவி பின்சீட்டில் ஏறிப் புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காருக்கு முன்னால் டாக்டர் வயர்களைக் கழற்றிச் சுருட்டினார்.

“பேட்டரி சுத்தமாச் செத்துக் கெடக்கு. நல்லா இருக்குன்னு எத வெச்சுச் சொன்னீங்க?”

“லைட் நல்லா எரிஞ்சுதே டாக்டர்.”

“இந்த பேட்டரியிலயா? மின்மினிப் பூச்சி அளவுக்குக்கூட எரிஞ்சிருக்காது.” சிரித்துக்கொண்டே தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மாப்பிள்ளைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே பொய் சொல்லித் தன்னை அலையவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார் பெரிய மனுஷர். ஊர்வலமாவது ஒன்றாவது, முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று பானெட்டை இறக்கி மூடிவிட்டு நிமிர்ந்தான்.

முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமனார் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கியர் விழுகிற சத்தம் கேட்டது. இவன் மேலிருந்த பார்வையை எடுக்காமலே அவர் பின்சீட்டுக்குக் குரல் கொடுத்தது, திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

“மாப்ளே எங்கம்மா? இன்னும் வீட்டுக்குள்ளயா இருக்காரு?”