வாரம் ஒரு எர்ரர்

"ஏன் நைனா, படிச்சுப் பாத்துதான் தட்டுனியா, இல்ல கண்ண மூடிக்கினு தட்டுனியா?"

அமெரிக்காவுலேர்ந்து பரணிதரன் கத்துறது, ஸ்பீக்கர்ல சதுரங்கப்பட்டினம் வூட்டு சமையக்கட்டு வரைக்கும் கேட்டுது. பொன்னி கரண்டியோட வந்து நின்னு, போனையே முறைச்சா. பெத்த புள்ளையாச்சே, போனைத்தான் முறைக்க முடியும்.

அப்பாசாமி அசரல. கண்ணாடிய மூக்கு மேல ஏத்திக்கினு, கம்ப்யூட்டர்ல நின்ன கடைசி வரிய எழுத்து எழுத்தா வாசிச்சாரு.

"என், ஓ... நோ. எஸ், யூ, சி, ஹெச்... சச். அப்பறம் ஃபைலு. அதுக்கப்பறம் ஸ்டாப்னு போட்டுக்கீதுப்பா."

"போன வாரமும் ஃபைலைக் காணோம். அதுக்கு முந்துன வாரமும் காணோம். முப்பது வருஷம் லேத்துல மயிரிழை பிசகாம கடைஞ்ச ஆளுதானே நீ? எல்கேஜி பையன் கூட இந்நேரம் முடிச்சிருப்பான்."

"வயசாவுதில்ல."

"சிடியைப் போடு. அந்த ஃபைலை மறுபடி காப்பி பண்ணு. ஓட விடு. நான் லைன்லயே இருக்கேன்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அப்பாசாமி காத்துக்கினு இருந்தாரு. நான் லைன்லயே இருக்கேன்.

கல்பாக்கத்துல டர்னரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ரெண்டாயிரத்து நாலு பொங்கல் முடிஞ்சு பையன் கெளம்பறப்ப, அவனோட பழைய கம்ப்யூட்டரையும் ஒரு கத்தை சிடியையும் இவர் தலைல கட்டிட்டுப் போனான்.

"கடையில விக்கிற சிஸ்டத்தை வாங்கி அப்டியே போட்டுக்காத நைனா. லினக்ஸ்ங்கிற சிஸ்டத்தை எழுதுன சோர்ஸ் கோடு மொத்தமும் இதுல இருக்கு. ஒவ்வொரு பார்ட்டா மிஷினையே செய்ய வச்சு, நீயே ஃபிட் பண்ணு. உனக்கேத்த வேலை."

அவன் போன புதுசுல ஞாயித்துக்கெழம போன் வரும். சாப்டியா? மாத்திரை போட்டியா? அம்மாகிட்ட குடு. மூணே கேள்வி, ஒரு நிமிஷம். அப்பறம் லைன்ல வெறும் இரைச்சல். அதையும் கொஞ்ச நேரம் காதுல வச்சுக்கினு நிப்பாரு மனுஷன்.

சித்திரை மாசத்துல மொத மொதல்ல நெஜமாவே ஒரு எர்ரர் வந்துது. அன்னிக்கு பரணி முக்கா மணி நேரம் பேசுனான். மிஷின் கோடை அரைச்சுக்கினு இருந்த நேரமெல்லாம் சும்மா இருக்க முடியுமா? அங்க பனி கொட்டுன கதை, ரூம்மேட்டு சாம்பாரைத் தீய வச்ச கதை, ஆபீஸ்ல இவன் பேரைச் சொல்ல முடியாம வெள்ளைக்காரன் நாக்கு சுளுக்கிக்கின கதை. ஒண்ணு விடாம வந்துது.

கெட்ட நேரம், வைகாசியிலேயே சிஸ்டம் முழுசா ரெடி ஆயிடுச்சு. கைவேலை தெரிஞ்சவன் கை சும்மா இருக்குமா.

இனிமே மறுபடி அதே மூணு கேள்விதான்னு அப்பாசாமிக்குப் புரிஞ்சுபோச்சு. அடுத்த சனிக்கெழம ஒக்காந்து, ஊசி முனை அளவு ஒரு ஃபைலாப் பாத்து அழிச்சாரு. மறுபடி ஓட விட்டாரு. நின்னுது. அவருக்கு உசுரு வந்துது.

அப்டியே வாரம் ஒண்ணு. பொன்னிக்கு மட்டும் இது தெரியும்.

இன்னிக்கு போனை வச்சதும் அவ பிடிச்சுக்கினா. "கட்டி முடிச்சு நாலு மாசம் ஆச்சுடான்னு சொன்னா இன்னா? பெத்த அப்பனை மக்குன்னு திட்டிக்கினு கீறான், நீயும் தலைய ஆட்டிக்கினு கீற."

"திட்டட்டுமே. திட்டவாச்சும் முக்கா மணி நேரம் ஆவுதில்ல?"

"நல்லா பொழைச்ச போ."

அதுக்கடுத்த ஞாயிறு, அப்பாசாமி வழக்கம்போல எழுத்துக் கூட்டி வாசிச்சுக்கினு இருந்தாரு. அந்தப் பக்கம் பதிலே இல்ல. காதைக் கிட்ட வச்சாரு. கொறட்டை.

"நாலு நாளா ஆபீஸ்லயே கெடக்குறேன்"னு அன்னிக்கு மொதல்லயே சொல்லியிருந்தான்.

எழுப்ப மனசு வரல. மகன் கொறட்டைய பத்து நிமிஷம் கேட்டுட்டு, மெதுவா போனை வச்சாரு.

அந்த வாரம் பூரா அவருக்கு சோறு எறங்கல. சனிக்கெழம கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்தாரு. எதையும் அழிக்கல. காணாம இருந்ததையும் திருப்பிப் போட்டு ஓட விட்டாரு. எங்கயும் நிக்கல.

ஞாயித்துக்கெழம போன் வந்துது.

"சொல்லு நைனா. இன்னிக்கு எதுல முட்டிக்கினு நிக்குது?"

"ஒண்ணுலயும் இல்லப்பா. முடிஞ்சுது. பேரு கேக்குது, பாஸ்வேர்டு கேக்குது, உள்ள வுடுது. அம்சமா கீது."

அப்பாசாமி சிடிக் கத்தைய எடுத்து ஓரமா வச்சாரு.

"இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல. லீவு நாளுல நல்லா தூங்கு."

"...சாப்டியா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"போட்டாச்சு. அம்மாகிட்ட குடுக்கட்டா?"

"இரு நைனா. வைகாசிலேர்ந்து வாரம் ஒண்ணு அழிப்ப, நானும் தெரியாத மாதிரி திட்டிக்கினு லைன்ல கெடப்பேன். இந்த வாரம் மட்டும் ஏன் நைனா எதையும் அழிக்கல?"