கப்பல் கொட்டகை

விளமீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே பிரகாசி கேட்டுவிட்டாள்.

"என்ன மாப்பிள்ள, தனியா வந்து நிக்கீரு? விமலி எங்க? நீரு வந்தா நான் சொல்றதுதான் விலை. அதுல எனக்கு என்ன ருசி இருக்கு?"

சந்தையில் மற்ற எல்லோருக்கும் தெரியும். பிரகாசி மகளின் பிரசவத்துக்காக மும்பை போயிருந்தவள். இன்று காலைதான் வந்து இறங்கியிருந்தாள்.

பக்கத்துக் கடைக்காரி அவசரமாக வாயெடுத்தாள்.

அதற்குள் கூரைமேல் மதியச் சங்கு பிடித்துக்கொண்டது.

யுத்த காலத்தில் இங்கே கப்பல் கட்டினார்கள். கப்பல்கள் போயின. கொட்டகை மீன் சந்தையானது. சங்கை மட்டும் ஊர் விடவில்லை. அது ஊதினால்தான் இங்கே சோறு இறங்கும்.

ஊதி முடியும்வரை யார் பேச்சும் யாருக்கும் கேட்காது.

அவன் நின்றான்.

மனைவி விமலி இறந்ததை அவன் இதுவரை வாயால் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சொன்னார்கள். ஆபீசுக்கு அவள் அண்ணன் சொன்னான். மற்றவர்களிடம் செய்தி தானே நடந்து போனது. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

இந்தச் சத்தத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கூரையின் துருவைப் பார்த்தபடி சொன்னான்.

"விமலி செத்துப்போயிட்டா."

அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

சங்கு ஓய்ந்தது.

பிரகாசியின் கை மீன்மேல் அப்படியே இருந்தது.

"எப்போ?" என்றாள்.

அவன் விழித்தான்.

"எங்க தாத்தா இந்தக் கொட்டகையிலதான் கப்பலுக்கு ஆணி அடிச்சாரு. ரெண்டு காதும் போச்சு. கத்திப் பிரயோசனம் இல்ல, வாயசைச்சுத்தான் வீட்ல பேச்சு. இந்தப் பக்கம் எல்லா வீட்டுலயும், விமலி வீட்டுலயும் அப்படித்தான். பாத்துப் பாத்துப் பிள்ளைங்களுக்கும் ஒட்டிக்கிடும். விமலி சொல்லலியாக்கும்?"

சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையில் அவன் குழம்பை வாய்க்குள்ளேயே திட்டுவான். அடுப்படி வாசலிலிருந்து பதில் வரும். "புளி கூடத்தான். அதுக்கென்ன இப்போ?" கல்யாண வீட்டில், கூட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, போகலாமா என்று உதடு பிரிப்பான். அவள் செருப்பைத் தேடத் தொடங்கியிருப்பாள்.

காதல் என்று நினைத்திருந்தான். தனக்கு மட்டும் கிடைத்தது என்று.

ஊருக்கே உதடு படிக்கத் தெரியுமாம்.

சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. வாயைத் திறந்தான். குரல் எழவில்லை.

"சத்தம் வரலன்னா விடும்."

பிரகாசி ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உக்காந்து சும்மா சொல்லும்."

உட்கார்ந்தான்.

யாரோ ஐஸ்கட்டிக்குச் சண்டை போட்டார்கள். யாரோ சாளை விலையைக் கூவினார்கள். பக்கத்துக் கடைக்காரி வந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவன் முகத்துக்கு நேராகக் குந்தினார்கள்.

அவன் சத்தமே இல்லாமல் சொன்னான். முதலிலிருந்து.

நடுவில் ஓரிடத்தில் நாலு பேரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்து ஓயும்வரை காத்திருந்தான்.

பிறகு தொடர்ந்தான்.