நாத்தனார் வந்த வேகம்

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தாள் நாத்தனார்.

“எங்கம்மாவ அறையில போட்டுப் பூட்டுறியாமே?”

மாமியாருக்கு மறதி நோய். மருமகள் தூக்கமில்லாமல் சிவந்த கண்களோடு நின்றாள்.

“ஆமா, பூட்டுறேன். திறந்து வச்சா தெருவுல இறங்கி ஓடிடறாங்க.”

“முகம் பாக்குற கண்ணாடியக்கூட துணி போட்டு மூடியிருக்கே! நீயெல்லாம் மனுஷியா?”

“தன் முகத்தையே யாரோ திருடின்னு நினைச்சு அலறுறாங்க. உங்க வீட்டுல வச்சுப் பாருங்க, தெரியும்.”

“ஏன், முடியாதுன்னு நினைச்சியா? பெத்தவளை எப்படிப் பாத்துக்கணும்னு ஒரு மாசம் வச்சிருந்து காட்டுறேன்டி!”

“ஒரு மாசமா? ஒரு நாள் தாங்க மாட்டீங்க.”

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று. நாத்தனார் புடவைகளையும் மாத்திரைகளையும் பையில் அள்ளித் திணித்து, தாயைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிப் போனாள்.

மாமியார் ஜன்னல் வழியே மருமகளைப் பார்த்து, “யாரு இந்தப் பொண்ணு?” என்றாள்.

“ராட்சசிம்மா. திரும்பிப் பாக்காதே.”

கார் தெருமுனையைத் தாண்டியதும் எதிர்வீட்டு அக்கா தயங்கியபடி வந்தாள்.

“நீ சொல்லிக் கொடுத்தபடியே போன் பண்ணி, நீ கொடுமைப்படுத்துறேன்னு கோள் மூட்டிட்டேன். எனக்கே நாக்கு கூசிடுச்சு. நேரா உதவின்னு கேட்டிருக்கலாமே?”

“கேட்காமயா இருந்தேன்? ‘வீடு சின்னது, இடுப்பு வலி’ன்னு வருஷக்கணக்கா சாக்குதான்” என்றாள் மருமகள். “உதவிக்குக் கூப்பிட்டா வராதவங்க, சண்டைன்னதும் எப்படிப் பறந்து வந்தாங்க பாத்தீங்களாக்கா?”