தோல் சட்டை

கொட்டகைக் கூரையின் ஓட்டை வழியாகக் காலை வெயில் ஈர வைக்கோலில் விழுகிறது. விடியும்முன் செத்த ஆட்டுக்குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத வேறொரு குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிக் கட்டுகிறார் சித்தப்பா. சிறுமி அதைத் திமிறாமல் பிடித்திருக்கிறாள். விரலிடுக்கெல்லாம் ரத்தம் பிசுபிசுக்கிறது.

"கண்ண மூடாத, பாத்துக் கத்துக்க. இப்ப விடு. செத்ததோட தாய் மோந்து பாத்துட்டு, தன் குட்டின்னு நெனச்சு இதுக்குப் பால் குடுக்கும்."

தாயாடு முகர்ந்து பார்க்கிறது, எட்டி உதைக்கிறது. மறுபடி முகர்ந்துவிட்டு, காலை அகட்டி நிற்கிறது.

"எப்ப கழட்டணும், சித்தப்பா?"

"அதுக்குப் பழகினதும்."

அவள் மணிக்கட்டுக்கு எட்டாத ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். அப்பா அம்மாவைப் பறிகொடுத்து இங்கே வந்த அன்றைக்குச் சித்தப்பா மாட்டிவிட்டது. செத்துப்போன அவர் மகளுடையது.

வாசலில் சித்தி நிற்கிறாள். அவள் பார்வை ஸ்வெட்டரை விட்டு முகத்துக்கு ஏறமாட்டேன் என்கிறது.