எதிர்வீட்டு ஆதரவு

"மெதுவா பேசு ரமணி. பிள்ளை தூங்குது" என்று சொல்லிவிட்டு, பட்டப்பகலில் கிரில் கதவை இழுத்துப் பூட்டிச் சாவியை நைட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள் நல்லம்மாள்.

"நான் பிள்ளைய பாக்க வரலக்கா. பெத்தவளப் பாக்கத்தான் வந்தேன்" என்றாள் ரமணி. அவள் கையில் சுறாப்புட்டுக் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது.

"அவளும் தூங்கறா."

"நேத்தும் இதத்தானே சொன்னீங்க?"

"நேத்தும் தூங்கினா லா."

உள்கதவும் சாத்திக்கொண்டது. ரமணி கிண்ணத்தோடு எதிர்வீட்டுக்கு, அதாவது தன் வீட்டுக்கு, முணுமுணுத்தபடி திரும்பினாள்.

ஜெலுத்தோங்கில் உள்ள அந்த அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில், ரமணிக்குத் தெரியாமல் ஒரு குக்கர்கூட விசிலடித்ததில்லை. அப்படியிருக்க, நல்லம்மாளின் மருமகள் பிரமிளா இரண்டாவது பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேலாகியும் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் புருஷன் குகனுக்குக் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் பேக்டரி வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் அம்மா சொல்லுக்குத் தலையாட்டுவதோடு சரி. பச்சை உடம்புக்காரி மாமியார் கையில் தனியாக மாட்டிக்கொண்டாள் என்பதில் ரமணிக்குச் சந்தேகமே இல்லை.

இது வெறும் அக்கம்பக்கத்து அக்கறை என்று நினைத்துவிடக் கூடாது. போன மாதம்தான் அவள் பாலம் தாண்டி சிம்பாங் அம்பாட் வரை போய், 'பிரசவ மன அதிர்ச்சியும் தாய்க்கு ஆதரவும்' என்ற பட்டறையில் கலந்துகொண்டாள். காலையில் சொற்பொழிவு, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ். 'பெற்றவளைத் தனியே விடாதீர்கள், அவள் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள்' என்று பேச்சாளர் சொன்னதில் முதல் பாதி அவளுக்கு மனப்பாடம்.

தலைச்சன் பிள்ளைக்கே பிரமிளா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. விடிய விடிய வலி தின்று, கடைசியில் அவசர ஆபரேஷன். அப்போது ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக ஓடிப்போய், தனக்குத் தெரிந்த அத்தனை பேருடைய பிரசவக் கதையையும் சொல்லி ஆறுதல் பண்ணியவளே ரமணிதான்.

அப்படியும் அந்தப் பெண் மாதக்கணக்கில் சுவரையே வெறித்துக்கொண்டு கிடந்தது. பிள்ளையை மடியில் வாங்கக்கூடப் பயந்தது. எல்லாம் மாமியார் கொடுமை என்று ரமணி அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். இந்தத் தடவையும் அவள் அந்த மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று ரமணிக்கு நிஜமாகவே மனசு அடித்துக்கொண்டது.

மத்தியானம் எதிர்வீட்டுக் கிரில் திறந்தது. மேல்மாடி ஹபீபா பீவி உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்த முகமாக வெளியே வந்தாள். ரமணி அவளை லிப்ட் வாசலில் மடக்கினாள்.

"உங்கள மட்டும் எப்படி விட்டாங்க? என்ன சொன்னா பிரமிளா?"

"ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல. பிள்ளைய வச்சிருந்தேன், அவ நிம்மதியா குளிச்சிட்டு வந்தா."

ரமணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெளியாள் முன்னால் நல்ல பேர் வாங்க நல்லம்மாள் போடும் நாடகம் இது. உலைமூடியால் ஊர் வாயை மூட முடியுமா? பொழுது சாய்வதற்குள், மருமகளைச் சிறை வைத்த மாமியாரின் கதை எல்லா மாடிக்கும் ஏறி இறங்கிவிட்டது. பாசாரிலிருந்து பூண்டும் மீனும் வாங்கி வந்த நல்லம்மாளுக்கு லிப்டில் யாரும் முகம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை, உடம்பு பிடித்துவிடும் மலாய்க்காரப் பெண்மணி ஆயிஷா எண்ணெய் பாட்டிலோடு வந்தாள். கிரில் திறந்ததுதான் தாமதம், ரமணியும் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு நுழைந்துவிட்டாள். நல்லம்மாள் குறுக்கே கை நீட்டுவதற்குள் படுக்கையறைக்கே போய்ச் சேர்ந்தாள்.

பிரமிளா தலையணையில் சாய்ந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். ஆள் வந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். பாட்டு நின்றது, முகம் வெளுத்தது. பாவம், எவ்வளவு பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று ரமணிக்குக் கண் கலங்கியது.

"என்னம்மா இப்படி எளச்சிட்டே? இதுவும் ஆபரேஷன்தானா? எங்க சித்தி மகளுக்கு இப்படித்தான், தையல் பிரிஞ்சு..."

"ரமணி, வெளிய வா" என்றாள் நல்லம்மாள்.

"நீங்க சும்மா இருங்கக்கா. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்." ரமணி கட்டிலில் உட்கார்ந்து பிரமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கும் பயப்படாதம்மா. உன்ன எதுக்கு இப்படிப் பூட்டி வச்சிருக்காங்க? மனசுல உள்ளத வாயத் தொறந்து சொல்லு. நான் இருக்கேன்."

நல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் வேறு எப்படி நிற்பாள் என்று ரமணி நினைத்தாள்.

பிரமிளா மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள்.

"அத்தே, இவங்க ஒருத்தர மட்டுந்தானே உள்ள விடாதீங்கன்னு சொன்னேன்."